பல் கூறும் வயது

மனிதனுடைய உடலில் இருமுறை முளைக்கும் உறுப்பு ஒன்றே உண்டு. கை இருமுறை முளைப்பதில்லை. கண் இருமுறை மலர்வதில்லை. பல் மட்டுமே ஒருமுறை முளைத்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கின்றது. இரண்டாம் முறை முளைத்தது உதிர்ந்தால் மூன்றாம் முறை முளைப்பதில்லை. ஆதலின் இயற்கை ஒருமுறை மன்னிக்கும். மறுமுறை மன்னிக்காது என்பதை நாம் நம் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிகின்றோம். இவ்வாறு பல் விழுந்து முளைக்கும் காலத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் வயதை அறியலாம் என்பதும், அவ்வாறு அறிந்த அறிவு பல நாடுகளில் ஏழைக் குழந்தைகளுக்குக் காவலாக நின்றது என்பதும் எண்ணத்தக்க செய்திகளாகும்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்துள்ளது சேலையூர். இன்று அது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாடி வீடுகளும் கடைகளும் நெருங்கி, பேருந்துகள் ஓயாது செல்லும் இடம். முன்னாளில் அஃது ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். அத்தகைய சிற்றூர்களில் பிள்ளை பிறந்த நாளை எழுதி வைப்பவர் மிகச் சிலரே. சூன் திங்களில் பள்ளி திறந்தவுடன் மகனைச் சேர்க்க அழைத்து வரும் தாயிடம் தலைமையாசிரியர், “பையன் எப்பொழுது பிறந்தான் அம்மா?” என்று கேட்பார். “ஏரி கரை உடைந்ததே ஐயா, அந்த ஆண்டு, ஐப்பசி அடைமழை” என்பாள் தாய். ஏரி உடைந்த ஆண்டு எது என்பதில் ஊரார் இருவருக்குள் கருத்து ஒத்திராது. அப்பொழுது ஆசிரியர் பிள்ளையை அருகழைத்து, “வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடு” என்பார். விரல் காதைத் தொட்டால் பிள்ளை பள்ளிக்குரிய வயதை எட்டினான். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வரவேண்டும். தொட்ட பிள்ளைக்கு, பதிவேட்டில் ஆசிரியரே ஒரு பிறந்த நாளை எழுதிவிடுவார். முதியோர் பலர் தம் உண்மைப் பிறந்த நாள் ஒன்றும், பள்ளி தந்த பிறந்த நாள் ஒன்றுமாக இரண்டு நாள்களை உடையவராய் இருப்பது இதனாலேயாம்.

காதைத் தொடும் இச்சோதனையை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குறுகியது. ஆண்டு செல்லச் செல்லக் கை நீள்கின்றது. ஏறத்தாழ ஆறாம் வயதில் கை தலையைச் சுற்றி மறுபக்கக் காதை எட்டுகின்றது. ஆயினும், இச்சோதனையில் ஒரு குறை உண்டு. நன்றாக உண்டு வளர்ந்த பிள்ளையின் கை விரைந்து நீளும். பசியில் வளர்ந்த பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கும். ஆகவே எலும்பின் நீளம் வயதை மட்டும் கூறுவதன்று. வீட்டின் வறுமையையும் சேர்த்தே கூறுகின்றது. வறுமையால் அவ்வளவு எளிதில் மாறாத சான்று ஒன்று வேண்டுமாயின், அதைப் பிள்ளையின் வாய்க்குள்ளே தேடவேண்டும்.

குழந்தை பிறந்து ஏறத்தாழ ஆறு திங்களில் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் முதற்பல் தோன்றுகின்றது. இரண்டரை வயது அளவில் மேலே பத்தும் கீழே பத்துமாக 20 பற்கள் நிறைந்துவிடுகின்றன. இவை பாற்பற்கள் எனப்படும். ஆறாம் வயது தொடங்கிப் பன்னிரண்டாம் வயதளவும் இவை ஒன்றன்பின் ஒன்றாக உதிர, அவ்விடங்களில் நிலைப்பற்கள் முளைக்கின்றன. உதிர்ந்த பாற்பல்லை எடுத்துப் பார்த்தால் அதற்கு வேர் இராது. கீழிருந்து புதுப்பல் மேலெழும்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்துவிடுகின்றது. வேர் கரைந்த பல் ஆடுகின்றது. ஆடிய பல் விழுகின்றது. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. புதுப்பல் நன்றாக முளைக்க வேண்டும் என்னும் பாட்டியின் விருப்பமே அந்த வழக்கத்தின் பொருள்.

பற்கள் ஏன் இருமுறை முளைக்கவேண்டும்? குழந்தையின் தாடை சிறியது. அதில் சிறிய பற்கள் சிலவே இடம்பெறும். தாடையோ ஆண்டுதோறும் வளர்கின்றது. ஆனால், பல் ஒருமுறை உருவாகிவிட்டால் அதன் மேற்பகுதி பின்னர்ப் பெரிதாவதில்லை. ஆதலால் வளர்ந்த தாடைக்கு ஏற்ற பெரிய பற்களும், அவற்றின் எண்ணிக்கையில் மிகுதியும் வேண்டப்படுகின்றன. இருபது போய் முப்பத்திரண்டு வருவது இதனாலேயாகும்.

நிலைப்பற்கள் முளைக்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆறு முதல் ஏழு வயதிற்குள் முதற் கடைவாய்ப்பற்கள் நான்கும், கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் தோன்றுகின்றன. இவற்றுள் முந்துவது எது என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஏழு எட்டு வயதில் மேல்தாடையின் நடு வெட்டுப்பற்களும், ஒன்பது வயதிற்குள் ஏனைய வெட்டுப்பற்களும் வருகின்றன. ஒன்பது பத்து வயதில் கீழ்க் கோரைப்பற்கள் எழுகின்றன. பத்து முதல் பன்னிரண்டு வயதிற்குள் முன்கடைவாய்ப்பற்கள் எட்டும் பாற்கடைவாய்ப்பற்களின் இடத்தைப் பெறுகின்றன. மேற்கோரைப்பல் பதினொன்று பன்னிரண்டில் வெளிப்படும். பன்னிரண்டாம் வயதையொட்டி இரண்டாம் கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. ஞானப்பல் எனப்படும் மூன்றாம் கடைவாய்ப்பல் பதினேழாம் வயதிற்குப் பின்னர் எப்பொழுதேனும் வரலாம். சிலருக்கு வாராமலும் போகலாம். பெண்பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் ஆண்பிள்ளைகளைவிடச் சில திங்கள் முன்னதாகவே முளைப்பது பெரும்பான்மை.

பல்லின் வரிசை வயதைக் காட்டும் என்னும் இவ்வுண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் ஒரு பெரும் பயன் தந்தது. அந்நாட்டு நெசவாலைகளில் சிறு குழந்தைகள் விடியற்காலை முதல் இரவு வரை உழைத்து வந்தனர். அக்கொடுமையைக் குறைக்க 1833-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைத்தல் ஆகாது என்றும், பதின்மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையின் வேலை நேரம் வரையறுக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. சட்டம் நல்லதே. ஆனால், குழந்தைக்கு ஒன்பது வயது ஆயிற்றா இல்லையா என்பதை யார் சொல்வது? பிறப்பைப் பதியும் பொதுமுறை இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. வறுமையால் பெற்றோர் வயதைக் கூட்டிச் சொல்வர். கூலி குறைவென்று ஆலை முதலாளியும் அதனை ஏற்பர். மருத்துவர் பிள்ளையின் உயரத்தையும் தோற்றத்தையும் நோக்கிச் சான்று வழங்குவார். உயரமான ஏழு வயதுப் பிள்ளை ஒன்பது வயதினன் ஆகிவிடுவான். சட்டம் நூலில் இருக்க, குழந்தை ஆலையில் இருக்கும் நிலை நேர்ந்தது.

இந்நிலையில் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பற்களை ஆராய்ந்தார். உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பத்தக்க சான்று எனக் கண்டார். ஆலைக் குழந்தைகளின் வயதைப் பல்லால் அறிதல் பற்றி 1837-ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் எழுதிப் பாராளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். பிற்காலத்தில் அரசி விக்டோரியாவின் பல் மருத்துவராகி, வீரத்திருப்பட்டமும் பெற்றவர் அவர். எனினும், அரண்மனை வாயை ஆராய்ந்ததினும் ஆலைப் பிள்ளைகளின் வாயை ஆராய்ந்ததே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது.

இந்தியாவிலும் இத்தகைய சட்டங்கள் பிறந்தன. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் அமர்த்துவதைத் தடுத்தது. 1891-ஆம் ஆண்டில் அவ்வயது ஒன்பதாக உயர்த்தப்பட்டது. பிறந்த நாள் அறியாத நாட்டில் வயதைப் பற்றிய சட்டம், அளவுகோல் இல்லாத கடையில் துணி வாங்கியது போலாகும். ஆதலின் இங்கும் பல்லின் துணை வேண்டப்பட்டது.

ஆனால், இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். இங்கிலாந்துப் பிள்ளைக்குப் பல் முளைக்கும் காலமும் ஏனைய நாட்டுப் பிள்ளைக்கு முளைக்கும் காலமும் ஒன்றாக இருக்குமா? இவ்வையத்தை நீக்கத் தொலைதூரத் தீவுகளின் சிற்றூர்கள் பெரிதும் உதவின. அத்தகைய தீவுகளில் மக்கள் பல தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்து, தம் நிலத்திலும் கடலிலும் கிடைத்ததையே உண்டு வாழ்ந்தனர். ஆதலால் குலமும் உணவும் பல் முளைக்கும் காலத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று காண அவை ஏற்ற இடங்களாயின.

பசிபிக் மாகடலில் சாலமன் தீவுத்தொடரைச் சார்ந்து போகன்வில் என்னும் தீவு உள்ளது. இன்று அது பாப்புவா நியூகினி நாட்டின் தன்னாட்சிப் பகுதி. அத்தீவின் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் காலத்தை ஃபிரீட்லேண்டர், பெய்லிட் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐரோப்பிய மரபினரின் குழந்தைகளைவிட அத்தீவுக் குழந்தைகளுக்குப் பாற்பல் பிந்தியும் நிலைப்பல் முந்தியும் முளைப்பது அதனால் தெரியவந்தது. அடுத்த ஆண்டில், நியூகினிப் பிள்ளைகளின் நிலைப்பற்கள் முளைக்கும் காலத்தையும் அதனால் வயதை அறியும் முறையையும் பற்றி மால்கம், ப்யூ என்னும் இருவர் எழுதினர். நியூகினியின் மலைநாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் உலகிலேயே மிக மெதுவாக உயரம் பெறுவோருள் வைத்து எண்ணப்பட்டவர்கள். ஆயினும், அந்நாட்டில் நிலைப்பற்கள் பின்தங்கவில்லை, முந்தியே முளைத்தன.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். உயரமும் பல்லும் ஒரே தாளத்தில் நடப்பன அல்ல என்பது ஒன்று. உணவுக் குறையால் எலும்பு தளருமளவுக்குப் பல் தளர்வதில்லை. ஓர் இனத்துப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த அட்டவணையை மற்றோர் இனத்தார்மேல் அப்படியே ஏற்றலாகாது என்பது மற்றொன்று. இலண்டன் நகரத்து அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போகன்வில் பிள்ளையின் வாயைப் பார்ப்பவன், அவனை உண்மை வயதினும் மூத்தவன் என்பான். அதே பிள்ளையின் உயரத்தைப் பார்ப்பவன் இளையவன் என்பான். இருவரும் தவறியவரே. முதல்வன் தவற்றால் பிள்ளை உரிய காலத்திற்கு முன்னே வேலைக்கு அனுப்பப்படலாம். இரண்டாமவன் தவற்றால் பள்ளிக்குப் பிந்தி அனுப்பப்படலாம். ஆதலின் ஒவ்வொரு நாட்டிற்கும் அந்நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த அளவு வேண்டும். இந்தியப் பிள்ளைகளின் பல் முளைக்கும் வயது பற்றி ஷௌரி என்பவர் செய்த ஆய்வு 1946-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது இத்தேவையை ஒட்டியே ஆகும்.

இவ்வேறுபாடுகள் யாவும் திங்கள் கணக்கிலும் ஓராண்டுக் கணக்கிலும் அமைவன. பெரும்போக்கில் ஒழுங்கு ஒன்றே. பாக்கு நீரிணையிலுள்ள நெடுந்தீவின் பிள்ளைக்கும், இராமேசுவரத்து மீனவர் பிள்ளைக்கும், சேலையூர்ப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஆறாம் வயதிலேயே முதற் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. பல் முளைப்பது இயற்கையின் செயல். முளைத்த பல் நிலைப்பதோ மனிதனின் செயல். இதற்கும் ஒரு தீவே சான்று கூறுகின்றது.

அட்லாண்டிக் மாகடலின் தென்பகுதியில், எந்தக் கரைக்கும் எட்டாத் தொலைவில் திரிஸ்தான் டா குன்யா என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு வாழ்வோர் சில நூற்றுவரே. உருளைக்கிழங்கும் மீனும் பறவை முட்டையும் பாலுமே அவர்களுடைய உணவாக இருந்தன. கப்பல் வருவது அரிதாதலின் சர்க்கரையும் மாவுப் பண்டங்களும் அவர்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. 1937-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆராய்ச்சிக் குழுவினர் அங்குச் சென்றனர். அவர்களுள் இருந்த பல் மருத்துவர் ரைடார் சோக்னஸ் தீவு மக்களின் பற்களை ஆராய்ந்தார். இருபது வயதிற்குட்பட்டவர்களின் முதற் கடைவாய்ப்பற்களில் சொத்தை காணப்படவில்லை. அறிஞர் உலகம் வியந்தது.

பின்னர் இரண்டாம் உலகப்போரின்போது 1942-ஆம் ஆண்டில் அத்தீவில் ஒரு படைநிலையம் அமைந்தது. போருக்குப் பின் சிங்கி இறால் பிடித்து அடைக்கும் தொழில் தோன்றிற்று. கூலியாகக் காசு கிடைத்தது. காசைச் செலவிடக் கடை வந்தது. கடையில் சர்க்கரையும் இனிப்பும் வந்தன. 1961-ஆம் ஆண்டில் தீவிலுள்ள எரிமலை சீறவே, மக்கள் யாவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு 1962-ஆம் ஆண்டில் அவர்களுடைய பற்களை மீண்டும் ஆராய்ந்தபோது, இளையோரின் முதற் கடைவாய்ப்பற்களில் ஏறத்தாழப் பாதி சொத்தையுற்றிருந்தது. மக்கள் அவர்களே, குலம் அதுவே. மாறியது உணவு ஒன்றே. கால் நூற்றாண்டில், ஒரு தலைமுறைக்குள், இம்மாற்றம் நேர்ந்துவிட்டது. எரிமலையின் தீக்குத் தப்பிய மக்கள் இனிப்புக்குத் தப்பவில்லை.

எல்லாப் பற்களையும் விட முதற் கடைவாய்ப்பல் ஏன் இவ்வாறு முந்திக் கெடுகின்றது? இதனை ஒவ்வொரு மாணவரும் அறிதல் வேண்டும். வெட்டுப்பல் முளைக்குமுன் அவ்விடத்துப் பாற்பல் ஆடி விழுகின்றது. வீட்டார் அதைக் காண்கின்றனர். பிள்ளையும் கூரைமேல் எறிந்து மகிழ்கின்றான். முதற் கடைவாய்ப்பல்லோ எந்தப் பல்லையும் விழச்செய்து வருவதன்று. பாற்பற்களின் வரிசைக்குப் பின்னே, வெற்றீற்றில், ஓசையின்றி முளைக்கின்றது. ஆதலின் பெற்றோர் அதனையும் ஒரு பாற்பல்லென்றே கருதிவிடுகின்றனர். அது கருத்தாலும், ‘எப்படியும் விழுந்து முளைக்கும் பல்தானே’ என்று வாளாவிருக்கின்றனர். விழும், ஆனால் முளைக்காது. மேலும், அப்பல்லின் மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உண்டு. உணவுத் துகள் அவற்றில் தங்கும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அத்துகளின் இனிப்பைப் புளிப்பாக்கும்; அப்புளிப்பு பல்லின் வெள்ளிய மேற்பூச்சை அரிக்கும். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் மேற்பூச்சு அரித்துக் குழியானால் உடல் அதனை மீண்டும் கட்டுவதில்லை. எனவே ஆறு வயதில் முளைத்து அறுபது வயது கடந்தும் மெல்ல உதவவேண்டிய பல், பத்து வயதிலேயே வீணாகிவிடுகின்றது.

பல் வயதை மட்டுமன்றி, அது வளர்ந்த நிலத்தின் நீரையும் நினைவில் வைத்திருக்கின்றது. நிலைப்பற்களின் மேற்பூச்சு பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை தாடைக்குள் உருவாகின்றது. அக்காலத்தில் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால், முளைக்கும் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் இக்குறை பரவியிருந்தது. அதனைப் போக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்தது. கறை படிந்த பல்லுடைய பிள்ளை பல் துலக்காதவன் அல்லன். அவன் குடித்த நீரின் கதையை அவன் பல் கூறுகின்றது. அவனை நகைப்பவரே அறியாதவர்.

இனி, பல்லின் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. ஒரே நாளில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவனுக்கு ஒரு பல் ஓராண்டு முந்தியும் மற்றவனுக்கு ஓராண்டு பிந்தியும் முளைக்கலாம். பாற்பல்லை உரிய காலத்திற்கு முன் பிடுங்கிவிட்டால் அதன் கீழுள்ள பல்லின் வருகையும் மாறும். பன்னிரண்டு வயதிற்குப் பின் ஞானப்பல்லைத் தவிர முளைக்க வேறு பல் இன்மையால், பல் முளைப்பதைக் கொண்டு வயது கூறுவது அரிதாகின்றது. ஆகவேதான் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பள்ளிச் சான்றையும் அஃது இல்லாதவிடத்து உள்ளாட்சியார் தரும் பிறப்புச் சான்றையும் முற்படக் கேட்கின்றது. இவை இல்லாதபோதே மருத்துவச் சோதனையை நாடுகின்றது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தால் இன்று பிறப்பைப் பதிதல் கடமையாகியுள்ளது. வயதுச் சான்று இல்லை என்று கூறி எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுத்தலாகாது என 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ளது. இனி எந்தப் பிள்ளையும் காதைத் தொட்டுக் காட்டித் தன் வயதை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும், பல்லைப் பார்க்கும் வேலை நமக்கு நீங்கிவிடவில்லை. அன்று வயதை அறியப் பார்த்தோம். இன்று பல்லைக் காக்கப் பார்த்தல் வேண்டும். வீட்டில் ஆறேழு வயதுத் தம்பியோ தங்கையோ இருப்பின், மாணவர் அக்குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் செய்து நோக்குவாராக. நடுக்கோட்டிலிருந்து எண்ணிவரின் ஐந்தாம் பல் வரை பாற்பல் வரிசை. ஆறாவதாக, எல்லாவற்றிற்கும் பின்னே, அகன்ற முகத்தோடு ஒரு பல் தலைகாட்டினால் அதுவே முதற் கடைவாய்ப்பல். அதனைப் பெற்றோருக்குச் சுட்டிக் காட்டுக. காலையில் உணவுக்கு முன்னும் இரவில் உறங்குவதற்கு முன்னும் அக்குழந்தை பல் துலக்கும்போது, தூரிகை கடைசிப் பல் வரை செல்கின்றதா என்று பார்க்க. இனிப்பை நாள் முழுதும் சிறுகச் சிறுகத் தின்னாதபடி தடுக்க. பள்ளத்தில் கருமை தோன்றினால், வலி வரும்வரை காத்திராது பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி வீட்டாரிடம் கூறுக.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் ஒடித்துப் பல் துலக்கிய முன்னோர் பல்லின் அருமையை அறிந்திருந்தனர். பிறந்த நாளை அவர்கள் எழுதி வைக்கவில்லை. பேரனின் பல்லைக் கருதிப் பார்த்து வைத்தனர். இக்காலத்தவர் பிறந்த நாளைப் பதிந்து வைக்கின்றனர். பல்லைப் பாராது விடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே செய்வோமாயின் நன்று. கூரைமேல் எறிந்த பல்லுக்கு ஈடாக இயற்கை ஒரு பல் தரும். அதற்குப் பின்னே, ஓசையின்றி வந்து நிற்கும் அந்த ஆறாம் வயதுப் பல்லுக்கு ஈடு அதனிடம் இல்லை.